வார்டு கூட்டமா, ஆட்சேபணைக் கடிதமா, வழக்கா: ஊர் வரைபடத்தில் நம் பேச்சு ஏற எது வழி?

சென்னைப் புறநகரில் ஏதாவது ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். பக்கத்துக் காலி இடத்தைச் சுற்றி ஒரு நாள் தகரம் அடித்துவிடுவார்கள், பதினெட்டு மாடி வருகிறதாம் என்று பேச்சு கிளம்பும், அன்று ராத்திரியே சங்கத்தின் வாட்ஸ்அப் குழு கொதிக்க ஆரம்பிக்கும். கவுன்சிலரைப் பார்க்கலாம் என்பார் ஒருவர். ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டால்தான் வழிக்கு வருவார்கள் என்பார் இன்னொருவர். என் மச்சான் ஹைகோர்ட்டில் வக்கீல், ஸ்டே வாங்கிவிடலாம் என்று ஒருவர் தைரியம் சொல்வார், இதற்கு நடுவில் யாரோ ஆன்லைன் மனு ஒன்றின் லிங்க்கைப் போட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்பார். நாலு நாளில் குழு அடங்கிவிடும். தகரத்துக்கு உள்ளே பைலிங் மெஷின் வந்திருக்கும்.

ஆர்வத்துக்கு இங்கே பஞ்சமில்லை. எந்த வாசலைத் தட்டுவது, எப்போது தட்டுவது என்பதில்தான் குழப்பம். ஒரு சங்கத்திடம் உண்மையில் என்ன இருக்கிறது? வேலைக்கும் போய்க்கொண்டு ஓடியாடக்கூடிய மூன்று நான்கு பேர், ஓய்வு பெற்ற ஒரு பொறியாளரோ பேங்க் மேனேஜரோ, சந்தாவில் மிஞ்சிய கொஞ்சம் பணம். அவ்வளவுதான். இந்தச் சின்ன முதலை எதில் போடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன். ஒவ்வொரு வழியையும் இரண்டே கேள்வி வைத்துப் பார்த்தால் போதும் என்பது என் கணக்கு. நாம் சொன்னது கடைசியில் கையெழுத்துப் போடுகிறவரின் கோப்பில் போய்ச் சேருமா? சேர்ந்தால், அதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு உண்டா?

யார் கையெழுத்து என்பதில்தான் பாதிப் பேருக்கு வழி தவறுகிறது. அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் 1993ல் நடைமுறைக்கு வந்தபோது, உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய பணிகளின் பட்டியலில் நகரமைப்பை முதல் வரியாகவே வைத்தார்கள். சென்னையில் நடப்பது வேறு. எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது விவசாயம், எது திறந்தவெளி என்று வண்ணம் தீட்டிக் காட்டும் மாஸ்டர் பிளானைத் தயாரிப்பது சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், ஒப்புதல் கொடுப்பது மாநில அரசு. எவ்வளவு உயரம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை கார் நிறுத்தம் என்பதெல்லாம் 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது, அவற்றைத் திருத்துவதும் மாநில அரசுதான், அரசாணை வழியாக. மாநகராட்சியின் கையில் இருப்பது சாலை, வடிகால், பூங்கா, தெருவிளக்கு, அப்புறம் சி.எம்.டி.ஏ. ஒப்படைத்திருக்கும் அதிகாரத்தில் சிறிய கட்டடங்களுக்கான அனுமதி. ஏரியை ஒட்டிய நிலத்தின் உபயோகத்தை மாற்றக்கூடாது என்று கவுன்சிலரிடம் மனு கொடுத்தால், அவர் தங்கமான மனிதராகவே இருந்தாலும், அந்தக் கோப்பு அவர் மேஜைக்கு வரப்போவதே இல்லை.

இனி வழிகள். நான் முதலிடம் கொடுப்பது யாருக்குமே பிடிக்காத, போட்டோ எடுக்க ஒன்றுமில்லாத வழிக்கு: காலக்கெடுவுக்குள் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபணைக் கடிதம்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 26வது பிரிவு. மாஸ்டர் பிளான் தயாரானதும், அரசின் இசைவு பெற்று, அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு கொடுக்க வேண்டும், வரைவை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும், யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபணையும் ஆலோசனையும் தர இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், பட்டா வைத்திருப்பவர் மட்டுமல்ல, வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது, பலரும் தவறவிடுவது. நேரில் கேட்கப்பட வேண்டும் என்று யார் கோரினார்களோ அவர்களுக்கு நியாயமான வாய்ப்பு தரப்பட வேண்டும். கோரியவர்களுக்கு என்றுதான் இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் "எங்களை நேரில் விசாரிக்கக் கோருகிறோம்" என்ற ஒரு வரி இல்லாவிட்டால், நம்மைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

இந்த வாய்ப்பு அடிக்கடி வருவதுமில்லை. இப்போதைய இரண்டாவது மாஸ்டர் பிளானுக்கு முன்னோடியான வரைவு 1995லேயே தயாரானது, 2011ஐ இலக்காக வைத்து. அது நடைமுறைக்கு வராமலே போய், மறுபடி திருத்தி எழுதி, 2008 செப்டம்பரில்தான் இரண்டாவது திட்டம் அமலுக்கு வந்தது, 2026 வரைக்கும் என்று. ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது திட்டம் அடுத்த இருபது வருடத்துக்கானது. அதன் இரண்டு மாத அவகாசத்தைத் தூங்கிக் கழித்துவிட்டு அப்புறம் ஒவ்வொரு தகரமாகப் பார்த்துப் பதறுவதில் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அந்த நிலத்துக்கு என்ன வண்ணம் என்பது முன்பே முடிவாகிவிட்டிருக்கும்.

நடுவிலும் ஒரு ஜன்னல் திறக்கும். தனி நிலங்களின் உபயோகத்தை மாற்றக் கேட்டு விண்ணப்பம் வந்தால் நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். அந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். டெண்டர் அறிவிப்புக்கும் பாஸ்போர்ட் தொலைந்த விளம்பரத்துக்கும் நடுவே, பொடி எழுத்தில், ஒரே மூச்சில் ஒரு வாக்கியம்: இன்ன வட்டம், இன்ன கிராமம், சர்வே எண் இத்தனை, இத்தனை, இத்தனையின் பகுதி, மொத்தம் இவ்வளவு ஹெக்டேர், விவசாய உபயோகத்திலிருந்து ஆதாரக் குடியிருப்பு உபயோகமாக, அல்லது நிறுவன உபயோகத்திலிருந்து கலப்புக் குடியிருப்பு உபயோகமாக. தெருப்பெயர் இருக்காது, பக்கத்தில் எந்தப் பள்ளி, எந்தப் பஸ் ஸ்டாப் என்ற குறிப்பு இருக்காது. நம் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய நிலம் அது என்பது சர்வே எண்ணை வரைபடத்தில் தேடினால்தான் தெரியும். அவகாசம் சில வாரங்கள்தான். அதனால் சங்கத்தில் ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலை, சுற்றுவட்டாரத்தில் ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு, பெரிய காலி மனைகள் இவற்றின் சர்வே எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது. கிராம வரைபடமும் எஃப்.எம்.பி. ஸ்கெட்சும் (சர்வே எண் வாரியான நில அளவைப் படம்) அரசின் இணையதளங்களிலேயே பார்க்கலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முடிகிற காரியம்.

சரி, கடிதத்தில் என்ன எழுதுவது? பெரும்பாலான சங்கங்கள் எழுதுவது இப்படி இருக்கும்: "எங்கள் பகுதியில் ஏற்கெனவே நெரிசல் அதிகம், தண்ணீர்த் தட்டுப்பாடு இருக்கிறது, பசுமை அழிந்துவருகிறது, எனவே இத்திட்டத்தை அனுமதிக்கக் கூடாது என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." இதைப் படிக்கிற அதிகாரிக்கு இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை, பரிசீலிக்கப்பட்டது என்று எழுதிவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவார். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்தக் கிராமம், இந்த சர்வே எண்ணின் கிழக்கு எல்லையில் எஃப்.எம்.பி.யில் வாய்க்கால் காட்டப்பட்டிருக்கிறது. வரைவு வரைபடத்தில் அந்த இடம் கலப்புக் குடியிருப்பு என்று வண்ணமிடப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்தத் தெருவில் தண்ணீர் நின்ற மட்டத்தைக் காட்டும் படங்கள் இணைப்பில் உள்ளன. வாய்க்காலை நீர்நிலையாகவே காட்டி, அதற்குரிய இடைவெளியைத் திட்டத்தில் குறிக்க வேண்டும்." இதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் எழுதியாக வேண்டும். இல்லை என்றால் ஏன் இல்லை என்று நாளை ஒரு நீதிபதி கேட்கும்போது அவர்களிடம் விடை இருக்க வேண்டும். சி.எம்.டி.ஏ. அலுவலகம் இருக்கும் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்கு நேரில் போக முடிந்தால் தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் ஸ்பீடு போஸ்ட் (பதிவுத் தபால்தான் 2025 செப்டம்பரோடு அதிலேயே கரைந்துவிட்டதே). அந்தச் சீல் வைத்த நகல்தான் சங்கத்தின் சொத்து.

இதெல்லாம் காகித வேலை, இதனால் எதுவும் மாறுமா என்பவர்களுக்கு மும்பையைச் சொல்வேன். 2034க்கான வளர்ச்சித் திட்ட வரைவு அங்கே 2015 பிப்ரவரியில் வெளியானது. நின்றுகொண்டிருக்கும் கட்டடங்கள் மேல் சாலை போட்டிருந்தது, பாரம்பரியக் கட்டடங்கள் விடுபட்டிருந்தன, ஆரே காலனியின் பசுமைப் பகுதி வளர்ச்சிக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது, ரயில் நிலையங்களை ஒட்டி எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 8 வரை போகலாம் என்றிருந்தது. ஆட்சேபணைகள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன. பொதுவான புலம்பல்கள் மட்டுமில்லை, இன்ன தெருவில் இன்ன கோயில் காட்டப்படவில்லை, இன்ன பள்ளி வேறு பெயரில் இருக்கிறது என்று இடம் சுட்டிய பிழைத்திருத்தங்கள் அவற்றில் ஏராளம். அதே வருடம் ஏப்ரலில் மாநில முதலமைச்சர் வரைவைத் திரும்பப் பெற்று மறுபடி தயாரிக்கச் சொன்னார். 2016ல் திருத்திய வரைவு வந்தது, அதற்கும் ஆட்சேபணைகள் குவிந்தன, 2018ல் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் ஒரு மாநகரத்தின் முழு வரைவையே திருப்பி அனுப்ப வைத்ததற்குப் பின்னால் சர்வே எண்ணும் தெருப்பெயரும் போட்ட கடிதங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவை திடீரென்று எழுதப்பட்டவையும் அல்ல. அதற்கு முன்பே, நடப்பு நில உபயோக வரைபடம் வெளியானபோதே, குடிமக்கள் அமைப்புகள் அதில் பிழை தேட ஆரம்பித்திருந்தன.

இரண்டாவது வழி, வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் நடக்கும் மக்கள் கூட்டமான பகுதி சபையும், வார்டு குழுவும். இதைப் பற்றி இரண்டு விதமாகவும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள், கிராம சபை நகரத்துக்கு வந்துவிட்டது என்று ஒரு கூட்டம், எல்லாம் கண்துடைப்பு என்று இன்னொரு கூட்டம். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அரசியல் சட்டம் 1993லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது, தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022ல்தான் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். சென்னையில் 200 வார்டு, வார்டுக்குப் பத்துப் பகுதி. 2011 கணக்கெடுப்புப்படி பார்த்தாலே வார்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல், ஆக ஒரு பகுதி சபை மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு. வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர், உறுப்பினர்கள் நியமனம். இந்த நியமனம்தான் எனக்கு நெருடல். மக்கள் தேர்ந்தெடுக்காதவரை மக்களின் பிரதிநிதி என்று கூப்பிடுவதற்கு நாக்கு கொஞ்சம் தடுமாறுகிறது.

கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேச்சு குப்பை வண்டியில் ஆரம்பித்து தெருநாயில் போய், கொசு மருந்தைத் தொட்டு, பாதாளச் சாக்கடையில் முடியும். அது தப்பில்லை, அதெல்லாம் தீர வேண்டிய பிரச்சினைகள்தான். நில உபயோகம், விதித் திருத்தம் பற்றி யாராவது எழுந்து கேட்டால் அது எங்கள் கையில் இல்லை சார் என்ற பதில் வரும், அதுவும் பொய்யில்லை. அப்படியானால் நகரமைப்பு விஷயத்தில் இந்தக் கூட்டம் எதற்கு? இரண்டு காரியத்துக்கு. ஒன்று, மாநகராட்சி கைக்கே வந்துவிட்ட நிலங்கள். 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவிலும் கட்டடத் திட்டத்திலும் பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு (ஓ.எஸ்.ஆர்.) கணக்கு வரும், 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே தானப்பத்திரம் போட்டு உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். அப்படி ஒப்படைத்த ஓ.எஸ்.ஆர். நிலம் நம் ஏரியாவில் எத்தனை, எதில் வேலி இருக்கிறது, எதில் பில்டரின் செக்யூரிட்டி ஷெட் இருக்கிறது என்று கேட்பதற்குப் பகுதி சபையைவிட நல்ல இடம் கிடையாது. எதிரில் உட்கார்ந்திருக்கிற உதவிப் பொறியாளருக்குக் கேள்வியிலிருந்து நழுவ வழியில்லை. இரண்டாவது காரியம், பதிவு. கூட்டத்தின் தீர்மானத்தில் நம் கோரிக்கை ஒரு வரியாக ஏறிவிட்டால் அதன் நகலை ஆட்சேபணைக் கடிதத்தோடு இணைக்கலாம். நாலு பேர் சங்கத்தின் கருத்து என்பது போய் ஒரு பகுதியின் தீர்மானம் என்று ஆகிவிடும். கூட்டம் முடிந்து டீ பிஸ்கட் வருகிற நேரத்தில், மினிட்ஸில் ஏற்றிவிட்டீர்களா என்று ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் குப்பை வண்டி மட்டும்தான் ஏறியிருக்கும்.

கவுன்சிலர், எம்.எல்.ஏ. என்று நேராகப் போய்ப் பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலை சீக்கிரம் நடக்கும், நடந்ததற்குத் தாளில் ஆதாரம் இருக்காது, ஆள் மாறினால் முதலிலிருந்து. மழைநீர் வடிகாலுக்கும் தெருவிளக்கிற்கும் இது போதும். வீட்டு மனையை விட்டுத்தள்ளுங்கள், ஒரு மண்டலத்தின் வண்ணத்தை மாற்றுகிற விஷயத்தில் அவர்களைப் பார்க்க நமக்கு முன்னால் வேறு ஆட்கள் வந்து போயிருப்பார்கள், அவர்களிடம் இருக்கிற நேரமும் வசதியும் நம்மிடம் கிடையாது.

ஆன்லைன் கருத்துக்கேட்பு, கூகுள் படிவம், கையெழுத்து இயக்கம் இவற்றைக் கடைசி வரிசையில் வைக்கிறேன். உங்கள் நகரத்தில் பூங்கா அதிகம் வேண்டுமா, நடைபாதை முக்கியமா என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள், திட்டம் தயாரிப்பவர் தன் மனதில் இருந்ததையே மக்கள் விருப்பம் என்று முதல் அத்தியாயத்தில் எழுதிக்கொள்ளலாம். ஒரு கேள்வி உருப்படியாக இருக்க வேண்டுமானால் அதில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்க வேண்டும், உதாரணமாக இந்தச் சாலையில் கார் நிறுத்தத்தை எடுத்துவிட்டு நடைபாதை போடலாமா என்று. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்னால், தெருவில் வண்டிகளை விடாமல் சோதனை ஓட்டம் நடத்திப் பார்த்தார்கள். வியாபாரிகள், கடைக்கு வருகிறவர்கள், ஆட்டோக்காரர்கள் என்று எல்லோரும் நேரில் பார்த்துத் திட்டவோ பாராட்டவோ முடிந்தது. நூறு படிவத்தைவிட அந்த மாதிரி ஒரு வாரக் கடைசி மேல் என்பேன், ஆனால் அதை நடத்துவது அரசு கையில்தான் இருக்கிறது, சங்கத்தால் கேட்க மட்டுமே முடியும்.

ஆர்.டி.ஐ.யைத் தனி வழியாக நான் எண்ணுவதில்லை. அது மற்ற வழிகளுக்கு எண்ணெய். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஆனால் ஏன் அனுமதி கொடுத்தீர்கள் என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று பதில் வரும். அனுமதி எண், ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகல், நில உபயோக மாற்றக் கோப்பில் வந்த ஆட்சேபணைகளின் நகலும் அவற்றின் மீதான குறிப்பும், ஓ.எஸ்.ஆர். தானப்பத்திரத்தின் நகல் என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இதில் கணக்குப் பார்க்க வேண்டிய இன்னொன்று நாட்கள். ஆட்சேபணை அவகாசம் சில வாரம், ஆர்.டி.ஐ. பதில் ஒரு மாதம். அறிவிப்பு வந்த பிறகு ஆர்.டி.ஐ. போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் ஜன்னல் மூடிவிடும். கடிதத்தை முதலில் கொடுத்துவிட்டு, ஆர்.டி.ஐ. பதிலை நேர்விசாரணைக்குக் கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம்.

இனி நீதிமன்றம். இதைப் பற்றிப் பேசாமல் சென்னையின் நகரமைப்பைப் பேசவே முடியாது, இந்த ஊரில் கட்டட விதி என்று ஒன்று உயிரோடு இருப்பதற்கே வழக்குகள்தான் பாதிக் காரணம். 2000 ஆகஸ்டில், கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் என்ற நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், விதிகளிலிருந்து கட்டடங்களுக்கு விலக்கு அளித்த 62 அரசாணைகளை ரத்து செய்தது. அவை 1987, 1988 காலத்தில் போடப்பட்டவை. தேதிகளைப் பாருங்கள், இடையில் பன்னிரண்டு வருடம். அதே தீர்ப்பில், 1999 பிப்ரவரி 28 வரை கட்டப்பட்ட விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்தும் சட்டப்பிரிவு ஒரே ஒரு தடவைக்கு மட்டும் என்று அனுமதிக்கப்பட்டது. அந்த ஒரே தடவையை அரசு திருத்தங்கள் போட்டு நீட்டிக்கொண்டே போனது, 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2011 அக்டோபர் கடைசியில் தி.நகர் ரங்கநாதன் தெருவில் பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள், ஊரே பரபரத்தது. 2012 பொங்கலை ஒட்டி உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. அப்புறம் 2007 ஜூலை 1க்கு முந்தைய கட்டடங்களுக்கென்று சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவு முளைத்தது. வென்ற வழக்குகள்தான் இவை, எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தெருச் சங்கம் இருபது வருடம் மூச்சைப் பிடிக்க முடியுமா? இந்த மாதிரி வழக்கை ஒரு முழுநேர அமைப்பு நடத்த வேண்டும், சங்கங்கள் அதற்கு ஆவணம் கொடுக்கலாம்.

விதிவிலக்கு, நீர்நிலை. ஏரி, சதுப்பு நிலம் சம்பந்தப்பட்டது என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, செலவும் ஒப்பீட்டில் குறைவு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல் ராம்சர் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய அனுமதிகளை, ஆய்வு முடியும்வரை நிறுத்திவைக்கும்படி 2025ல் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் பெரிய நிறுவனங்களின் கோப்புகள் முதல் தனி வீடு கட்டுகிறவர்களின் கோப்புகள் வரை நின்றன. பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் சொந்த மனையில் வீடு கட்டக் காத்திருந்தவர்களின் ஆத்திரத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். நீதிமன்றத்தின் கருவி அப்படிப்பட்டது, நுணுக்கமாகச் செதுக்க வராது. மாஸ்டர் பிளானில் அந்த எல்லையை முன்பே ஒழுங்காக வரைந்து, சுற்றி எது கூடும் எது கூடாது என்று மக்களோடு பேசி முடித்திருந்தால் இந்த நிலைமைக்கே வந்திருக்காது.

சங்கக்காரர்கள் எப்போதும் மறந்துவிடும் ஒரு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தெரு வியாபாரிகள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு நகரத்திலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும், அதன் உறுப்பினர்களில் குறைந்தது நாற்பது சதவீதம் பேர் வியாபாரிகளே, தேர்தல் வழியாக வந்தவர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெருவில் கடை போடலாம், எங்கே கூடாது என்ற பேச்சில் பூக்கார அம்மாவுக்குச் சட்டப்படி ஒரு நாற்காலி உண்டு. சொந்த ஃப்ளாட் வைத்திருக்கும் நமக்கு மாஸ்டர் பிளானில் அப்படி ஒரு நாற்காலி கிடையாது, கடிதம் மட்டும்தான். நடைபாதையை மீட்க வேண்டும் என்று சங்கம் மனு எழுதும்போது அந்தக் குழுவில் பேசாமல் நேராகப் போலீஸுக்குப் போவது, நாம் வெறுக்கும் பில்டர் நமக்குச் செய்வதையே அவர்களுக்கு நாம் செய்வதாகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு பெரிய ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். தனிக் கட்டட அனுமதிக்கு அக்கம்பக்கத்தாரிடம் கருத்து கேட்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் கிடையாது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு அதில் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது, நடுத்தரக் குடும்பங்களுக்கு அது நிம்மதி, நான் வரவேற்கிறேன். ஆக, தகரம் அடித்த பிறகு பேச நமக்கு இடமே இல்லை. நிலத்தின் வண்ணம் முடிவாகும்போதும், விதி திருத்தப்படும்போதும் மட்டும்தான் பேச முடியும். விதித் திருத்தமோ பெரும்பாலும் அரசாணையாக வெளிவந்த பிறகே நம் கண்ணில் படுகிறது. மத்திய அரசு 2014ல் தன் சட்ட வரைவுகளை முப்பது நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்துக்கொண்டது, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறதா என்பது வேறு கதை. கட்டட விதித் திருத்தங்களுக்கும் அதே போல முப்பது நாள், தமிழில், பழைய விதியும் புதிய விதியும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்தால் போதும், பெரிய செலவில்லை. மாஸ்டர் பிளானையும் ஆயிரம் பக்கக் கோப்பாகப் போடாமல் வார்டுக்கு ஒரு தாள், தெருப்பெயர்களோடு, பகுதி சபை நடக்கும் இடத்தில் ஒட்டினால் கூட்டம் தானாக வரும். வந்த ஆட்சேபணைகளையும் ஏற்றதா மறுத்ததா, ஏன் என்ற ஒரு வரிக் காரணத்தோடு வெளியிட வேண்டும். எழுதினால் பதில் வரும் என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை இன்னும் பத்துப் பேர் எழுதுவார்கள்.

அதுவரை சங்கத்தின் முடிவு எப்படி இருக்கலாம்? என்னைக் கேட்டால், இருக்கிற உழைப்பில் பாதிக்கு மேல் ஆட்சேபணைக் கடிதத்துக்கும் அதற்கான சர்வே எண் வேலைக்கும். ஓ.எஸ்.ஆர். நிலம், வடிகால், பூங்கா என்றால் பகுதி சபை, அங்கே போகும்போது வாடகைக்கு இருப்பவர்களையும் பக்கத்து வாரியக் குடியிருப்புக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு. நீர்நிலை அழிகிறது, கடிதத்துக்கும் அசையவில்லை என்றால் பசுமைத் தீர்ப்பாயம். உயர் நீதிமன்ற வழக்கென்றால் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கும் அமைப்போடு சேர்ந்து மட்டும். ஒரே கடிதத்தை நூறு நகல் எடுத்து நூறு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள், அது ஒரே ஆட்சேபணை என்று கட்டுக்கட்டிவிடப்படும். தெருவுக்கு ஒருவர், அவரவர் வாசலில் பார்த்ததை, அவரவர் வார்த்தையில் எழுதட்டும், சர்வே எண்ணை மட்டும் சங்கம் கொடுக்கட்டும். எழுத வராதவர் சொல்லச் சொல்லக் கல்லூரிப் பையன் யாராவது எழுதிக் கொடுக்கலாம், ஒரு மொட்டை மாடியில் நாலு நாற்காலி போட்டால் ஒரு சாயங்காலத்தில் இருபது கடிதம் தயாராகும். அதற்கும் முன்னால், காலையில் பேப்பரின் அந்தப் பொடி எழுத்து விளம்பரப் பக்கத்தைப் படிப்பது யார் பொறுப்பு என்று இந்த மாதக் கூட்டத்திலேயே ஒருவர் பெயரை எழுதி வைத்துவிடுங்கள்.